ஜம்பையில் ஒரு நாள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்

வரலாறு என்றவுடன் தஞ்சையும் மதுரையும் மாமல்லபுரமும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. வானளாவிய கோபுரமும் சிதைந்த கோட்டையும் இருந்தால்தான் வரலாறு உண்டு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் பெரும் புகழ் ஏதுமில்லாத ஒரு சிற்றூரில், ஆடு மேயும் குன்றொன்றில் வெட்டப்பட்ட ஒரே ஒரு வரி, இந்திய வரலாற்றில் நூறாண்டுக்கு மேலாகத் தீராதிருந்த வினா ஒன்றுக்கு விடை தந்திருக்கிறது. அந்த ஊர் தொலைவில் இல்லை. நம் கள்ளக்குறிச்சிப் பகுதியிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஜம்பை.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் நாங்கள் பன்னிருவர் ஜம்பைக்குச் சென்று வந்தோம். அறிவியல் மாணவர் நால்வரும் அதில் இருந்தோம். "கல்வெட்டுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர் சிலர் கேட்டனர். அவ்வினாவுக்கு விடை கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

ஊரும் வழியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாகத் திருக்கோயிலூர் சென்று, அங்கே பேருந்து மாறினோம். திருக்கோயிலூரே ஒரு வரலாற்று ஏடுதான். சங்க காலத்தில் கோவலூர் எனப்பட்ட இவ்வூர், மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்றைக் கண்டோம். பாரியின் மகளை மலையமானுக்கு மணம் முடித்துத் தந்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியை, இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. புலவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அவர் நினைவைக் கல் காத்து வைத்தது.

திருக்கோயிலூரிலிருந்து ஜம்பை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வழியெங்கும் கரும்பும் நெல்லும் மணிலாவும் விளையும் நிலங்கள். அருகிலுள்ள மணலூர்ப்பேட்டையில்தான் தை மாதத்தில் ஆற்றுத் திருவிழா நடைபெறுகிறது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பெண்ணை, கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளைக் கடந்து, சவ்வாது மலைக்கும் நம் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தின் வழியே, சாத்தனூர் அணையைத் தாண்டி இங்கு வருகிறது. இந்த வழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அசோகன் விட்டுச்சென்ற வினா

ஜம்பைக் கல்வெட்டின் சிறப்பை அறிய, முதலில் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். மௌரியப் பேரரசன் அசோகன் தன் ஆணைகளைப் பாறைகளில் பொறித்து வைத்தான். அவ்வெழுத்தை வாசிக்கும் முறை காலப்போக்கில் மறந்துபோயிற்று. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய பின்னரே பாறைகள் மீண்டும் பேசத் தொடங்கின.

குசராத்திலுள்ள கிர்நார், ஆந்திரத்திலுள்ள எர்ரகுடி முதலிய இடங்களில் காணப்படும் இரண்டாம் பாறைக் கட்டளை, என் போன்ற தாவரவியல் மாணவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மக்களுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனியே மருத்துவ வசதி செய்யப்பட்டதை அது கூறுகிறது. மூலிகைகள் எங்கெங்கு இல்லையோ அங்கெல்லாம் அவை கொண்டுவந்து நடப்பட்டன. வேர்களும் பழங்களும் அவ்வாறே நடப்பட்டன. வழிகளில் கிணறுகள் வெட்டி மரங்கள் வைக்கப்பட்டன என்று அது சொல்கிறது. ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு மூலிகைச் செடிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்று பயிரிட்டது என்பது வியப்பன்றோ?

இந்தப் பணி தன் நாட்டில் மட்டுமின்றி எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளிலும் நடைபெற்றதாக அசோகன் குறிப்பிடுகிறான். அந்தப் பட்டியலில் தென்னாட்டுப் பெயர்கள் வருகின்றன: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கை. சோழரையும் பாண்டியரையும் நாம் அறிவோம். கேரளபுத்திரர் சேரர் என்பதும் தெளிவு. ஆனால் இவர்களோடு ஒப்ப வைத்துச் சொல்லப்பட்ட சதியபுத்திரர் யார்?

இந்த வினா அறிஞர் உலகை நெடுங்காலம் அலைக்கழித்தது. சத்தியமங்கலத்தார் என்றனர் சிலர். துளு நாட்டார் என்றனர் சிலர். காஞ்சிப் பகுதியினர் என்றும், வாய்மை தவறாத கோசர் என்றும் கூறினோர் உண்டு. தகடூரை ஆண்ட அதியமான்களே சதியபுத்திரர் என்றார் கே. ஜி. சேஷ ஐயர். எல்லாம் கருத்துகளே, மறுக்கமுடியாத சான்று யாரிடமும் இல்லை.

ஒரு வரி

1981ஆம் ஆண்டில் அந்தச் சான்று ஜம்பையில் கிடைத்தது. ஊரை ஒட்டியுள்ள ஆளுருட்டி மலை என்னும் குன்றில், பெரும் பாறைகளுக்கிடையே இயற்கையாய் அமைந்த குகையொன்று உண்டு. ஊரார் அதைத் தாசிமடம் என்பர். அங்கே தமிழகத் தொல்லியல் துறையினர் கண்டறிந்த பிராமிக் கல்வெட்டு இது:

ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி

அவ்வளவுதான். இருபதுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள். பாளி என்றால் துறவிகள் தங்கும் உறைவிடம். சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது இதன் பொருள்.

பேராசிரியர் எங்களை அவ்வெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். பிராமி எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆனது. கிடையாகக் கிழித்த சிறு கோட்டின் நடுவே செங்குத்தாய் ஒரு கோடு நின்றால் அது நகரம். வரியில் அவ்வெழுத்து எங்கெங்கு வருகிறது என்று நாங்கள் தேடிக் கண்டோம். சில நிமிடங்களில் அதியந், நெடுமாந் என்னும் சொற்களின் எல்லைகள் பிடிபட்டன. முதற்சொல்லாகிய ஸதியபுதோ மட்டும் பிராகிருதம். எஞ்சியவை அனைத்தும் தமிழ். தன் பட்டத்தை அசோகன் கல்வெட்டு மொழியிலும், தன் பெயரையும் கொடையையும் தன் மொழியிலும் எழுதச் செய்திருக்கிறான் அந்தக் குறுநில மன்னன்.

விடை பொருந்தும் விதம்

அறிவியல் வகுப்பில் நாம் கருதுகோள் என்ற சொல்லைப் படிக்கிறோம். முதலில் ஒரு விளக்கம் முன்வைக்கப்படுகிறது. பிறகு சோதனை அதை உறுதிசெய்கிறது அல்லது வீழ்த்துகிறது. நல்ல கருதுகோள் ஒன்றைப் பல திசைகளிலிருந்து வரும் சான்றுகள் தாங்கி நிற்கும். சதியபுத்திரர் அதியமான்களே என்ற கருத்தை அவ்வாறு சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, சொல்லின் பின்பகுதி. சேரமான், மலையமான் என்னும் பெயர்களில் உள்ள மான் என்பது மகன் என்னும் சொல்லின் திரிபு என்பர். சேரமான் என்றால் சேரர் மகன். அதை வடக்கே கேரளபுத்திரன் என்றனர். அவ்வாறே அதியர் மகன் அதியமான். அவனைச் சதியபுத்திரன் என்றனர். புத்திரன் என்பது மகன் என்பதன் நேர் மொழிபெயர்ப்பு.

இரண்டாவது, சொல்லின் முன்பகுதி. சதிய என்பது அதிய என்று ஆகுமா? ஆகும். சொல்லின் முதலிலுள்ள சகர ஒலி மறைவது தமிழில் பலகாலும் நிகழ்ந்துள்ளது. சிராவணம் ஆவணி ஆயிற்று. சமணர் அமணர் ஆயினர். சீகளம் ஈழம் ஆயிற்று என்பர். தென்திராவிட மொழிகளில் இவ்வொலி மறைவதை டி. பர்ரோ என்னும் மொழியியலறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே இது நமக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்ட விதி அன்று.

மூன்றாவது, இடம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அங்கே ஆண்டவனின் கல்வெட்டு, மலையமானின் கோவலூருக்கு அருகில் ஏன் இருக்க வேண்டும்? இதற்கு விடை புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதையும், அவ்வெற்றியைப் பரணர் பாடியதையும் ஔவையார் தம் பாடலில் குறிப்பிடுகிறார். வென்ற நிலத்தில் வென்றவன் கொடை வழங்குவது இயல்பு. மேலே சொன்ன பெண்ணையாற்றின் வழியை இப்போது எண்ணிப் பாருங்கள். தகடூர்ப் பகுதியிலிருந்து, சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே, கோவலூரை நோக்கி இயற்கை ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

நான்காவது, பெயர். அதியன், நெடுமான், அஞ்சி என்னும் மூன்றும் சங்க இலக்கியம் கூறும் அதே பெயர்கள். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று நாம் பள்ளிப் பருவத்தில் படித்தவனின் பெயரே இது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இக்கல்வெட்டின் காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். அதனினும் முற்பட்டது என்று கருதும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், அசோகன் குறிப்பிட்ட சதியபுத்திரனே இந்த அஞ்சி என்று நாம் கூறிவிடக் கூடாது. அசோகன் சொன்னது ஒரு குடியின் பெயர். அக்குடியில் வந்த ஒருவன் அப்பெயரைத் தன் பட்டமாகக் கல்லில் பொறித்துக்கொண்டான் என்பதே கல்வெட்டு நமக்குத் தரும் செய்தி. சான்று சொல்லும் அளவுக்கே நாம் சொல்ல வேண்டும் என்பது அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் பொதுவான நெறி.

மழைக்கு ஒதுங்கிய இடம்

நாங்கள் குகையருகே அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் அங்கு வந்தார். எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏந்தம்பி, பஸ் புடிச்சு இந்தக் கல்லப் பாக்கவா வந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க தாத்தா" என்றேன்.

"நாங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப மழ வந்தா ஆட்ட ஓட்டிக்கினு இங்கதான் ஒதுங்குவோம். எழுத்து இருக்குதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? ஏதோ கீறல்னு நெனைச்சிக்கினு கெடந்தோம். என்னான்னுதான் எழுதியிருக்குது?"

நான் அந்த வரியைச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கினேன். அவர் சிறிது யோசித்தார்.

"யாருக்குக் குடுத்தாருன்னு போடலியா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலை முதல் கொடுத்தவன் யார் என்பதையே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, பெற்றவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தகைய பாளிகள் சமண முனிவர்களுக்காக அமைந்தவை என்று அறிஞர் கூறுவர் எனப் பேராசிரியர் விளக்கினார். ஆனால் வரியில் பெற்றவர் பெயர் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

"அப்பச் சரி. மழைக்கு ஒதுங்கறவங்க எல்லாருக்குந்தான் குடுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு முதியவர் ஆடுகளின் பின்னே சென்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட அவர் கேட்டது, ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய வினா. எழுத்தறிவு வேறு, அறிவு வேறு என்பதை அன்று உணர்ந்தோம். ஆயினும் பல்லாண்டுகள் அந்த வரியின் கீழேயே மழைக்கு ஒதுங்கியிருந்தவருக்கு அது கீறலாகவே இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்னொரு கல்

பிற்பகலில் ஊரிலுள்ள சிவன் கோயிலுக்குச் சென்றோம். இறைவன் பெயர் கல்வெட்டுகளில் திருத்தான்தோன்றி என்று வருகிறது. இக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. கல்வெட்டுத் துறையினர் 1906ஆம் ஆண்டிலேயே அவற்றைப் படியெடுத்துப் பதிவு செய்துள்ளனர். அவற்றுள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்றைப் பற்றிப் பேராசிரியர் சொன்ன செய்தி, அதியமானின் வரியைக் காட்டிலும் என் மனத்தை ஆழமாகத் தொட்டது.

வரி தண்டும் அலுவலன் ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தான் அவ்வரி செலுத்தக் கடமைப்பட்டவள் அல்லள் என்று அவள் மறுத்தாள். அவன் அவளைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கினான். அவள் நஞ்சுண்டு மாண்டாள். செய்தி அத்தோடு முடியவில்லை. நாற்றிசையிலிருந்தும் பதினெட்டு நாடுகளிலிருந்தும் மக்கள் கூடினர். அவள் சாவுக்கு அந்த அலுவலனே பொறுப்பு என்று தீர்ப்பளித்தனர். அதற்குக் கழுவாயாக அவன் 32 காசு கொடுத்து, கோயிலில் விளக்கெரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த முடிவு கல்லில் வெட்டப்பட்டது.

எங்களுள் விவாதம் எழுந்தது. "ஓர் உயிருக்கு விலை 32 காசா?" என்று மாணவி ஒருவர் சினத்துடன் கேட்டார். "அரசின் அலுவலனை ஊரார் கூடிக் குற்றவாளி என்று சொன்னதே பெரிது" என்றார் மற்றொருவர். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. விளக்கு என்றோ அணைந்திருக்கும். காசு என்றோ செலவாகியிருக்கும். ஆனால் 'நான் செலுத்த வேண்டியதில்லை' என்று ஒரு பெண் மறுத்த செய்தி, ஏறத்தாழ 1,000 ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. எழுதி வைத்ததனால் இருக்கிறது.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நிலவரி ரசீது வந்தால், அதில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள என் தந்தையார் அதைப் பிறர் வீட்டுத் திண்ணைக்கு எடுத்துச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். படித்துச் சொன்னவர் சொன்னதே கணக்கு. ஆகையால், வரி கேட்டவன் முன் தனித்து நின்ற அந்தப் பெண்ணை எண்ணிப் பார்க்க எனக்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை. மன்னர் தம் கொடையைத் தாமே எழுதி வைத்துவிடுவர். எளியவருக்கு நேர்ந்ததை எழுதி வைக்கவும் படித்துச் சொல்லவும் ஊரில் ஒருவர் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

தமிழகக் குகைக் கல்வெட்டுகளில் சங்க கால அரசர் பெயர்கள் அரிதாகவே கிடைக்கின்றன. மதுரையை அடுத்த மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், கரூரை அடுத்த புகழூரில் சேரர் பெயர்களும், ஜம்பையில் அதியமான் பெயரும் உள்ளன. இவை அனைத்தும் ஊரோரப் பாறைகள். கருங்கல் வேண்டி வெடி வைத்தால் ஒரே நாளில் ஒரு மலையே மறைந்துவிடும். அத்துடன் மறைவது என்ன என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

நம் கல்லூரியில் பயில்வோர் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்தும், பெண்ணை, கோமுகி, மணிமுத்தாற்றின் கரைகளிலிருந்தும் வருகிறோம். நம் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் கல்லையும், குலதெய்வம் என்று மஞ்சள் பூசி வழிபடும் வீரன் கல்லையும் நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவற்றை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, தேய்ந்த எழுத்தும் நிழல் கொண்டு துலங்கும். அப்போது படம் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தின்மேல் சுண்ணாம்போ சாயமோ எண்ணெயோ பூசக்கூடாது. கூரிய பொருளால் சுரண்டவும் கூடாது. இடத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, நம் வரலாற்றுத் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தால் போதும். இதற்கு வரலாற்று மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு செடியின் இலையடுக்கைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுக்கும் அதே பழக்கமே இதற்கும் வேண்டுவது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, நாம் அறிந்ததை ஊராரிடம் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி ஏடுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்தவை அவ்வூர் மக்களின் காதுக்கு எட்டுவதில்லை. ஒரு பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்த ஊர், அந்தப் பாறையை எவரும் உடைக்க விடாது. நமக்கு முன்னோர் படிக்க வாய்ப்பில்லாமல் போயினர். நாம் படித்தவற்றை அவர்களுக்குப் படித்துச் சொல்வது நம் கடன். அக்கடனை இந்த விடுமுறையிலேயே தொடங்குவோமாக!